ஓட்டு மெஷின் ரிவ்யூ: பெட்டி பரவாயில்லை, சரிபார்க்கிற ஏற்பாடுதான் போதாது

ஸ்டார் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மெஷினுக்கு ஐந்துக்கு நாலு, அதைச் சுற்றியிருக்கும் சீல், ஏஜென்ட், படிவம் ஏற்பாட்டுக்கு மூன்றரை, எண்ணி முடித்த பிறகு "சரியாத்தான் எண்ணினீங்களா?" என்று கேட்டால் கிடைக்கிற பதிலுக்கு ஒன்றரை. ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அரசுப் பள்ளி ஆசிரியர். தேர்தல் வந்தால் டியூட்டி போடுவார்கள், பி3, அதாவது மூன்றாம் வாக்குப்பதிவு அலுவலராக உட்கார்ந்து கண்ட்ரோல் யூனிட்டில் பட்டன் அமுக்கியதில் தொடங்கி இப்போது வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வரை வந்திருக்கிறேன். பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வகுப்பறை பெஞ்சில் ராத்திரி படுத்தவன் எழுதுகிற ரிவ்யூ இது, கட்சிக்காரர்கள் யாரும் இதைப் படித்துச் சந்தோஷப்படப் போவதில்லை.

மெஷின் என்று சொல்வது மூன்று பொருள். மறைப்புக்குள் இருப்பது பேலட் யூனிட்: பெயர், படம், சின்னம் போட்ட தாள், அதற்கு நேராக நீல பட்டன், பிரெய்ல் எண். அதன் பக்கத்தில் விவிபேட், அதாவது யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சடித்துக் காட்டுகிற, கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு பிரிண்டர். வெளியே எங்கள் மேஜையில் இருக்கும் கண்ட்ரோல் யூனிட்டில்தான் ஓட்டு பதிவாகிறது. எல்லாம் பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் கவலை இல்லை. வைஃபை, ப்ளூடூத், சிம் என்று எதுவும் கிடையாது, ஒன்றோடொன்று கேபிளில்தான் பேசிக்கொள்ளும். செய்து தருவது இரண்டே பொதுத்துறை நிறுவனங்கள்: பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. இப்போது புழங்குவது 2013க்குப் பிறகு வந்த எம்3 மாடல், விவிபேட் நீங்கலாக ஒரு செட் சுமார் 17 ஆயிரம் ரூபாய், ஆயுள் 15 வருஷம் என்று கணக்கு. பெங்களூர் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது இந்த மெஷினின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்த்தவர்களில் எழுத்தாளர் சுஜாதா ஒருவர், ஸ்டாஃப் ரூமில் ஈவிஎம் பேச்சு எழுந்தால் யாராவது இதைச் சொல்லாமல் விடுவதில்லை. என்னவோ அதனாலேயே மெஷின் தப்பு பண்ணாது என்பது மாதிரி ஒரு பெருமை.

பயன்படுத்த எப்படி என்றால், குறையே சொல்ல முடியாது. நாங்கள் பேலட் பட்டனை அமுக்கினால் உள்ளே பச்சை விளக்கு எரியும், வாக்காளர் நீல பட்டனை அமுக்குவார், சிவப்பு விளக்கு, ஜன்னலில் 7 விநாடி சீட்டு, நீளமாக ஒரு பீப், முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட யார் உதவியும் இல்லாமல் போட்டுவிட்டு வருகிறார். மறுபடி அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது, நாங்கள் அடுத்தவருக்குத் திறந்துவிட்டால்தான் உண்டு. நிமிஷத்துக்கு அதிகபட்சம் 4 ஓட்டுதான் பதிவாகும் என்பது இன்னொரு நல்ல விஷயம். காகிதக் காலத்தில் பூத்தைப் பிடித்துக் கட்டுக் கட்டாக முத்திரை குத்திப் பெட்டிக்குள் திணிக்க அரை மணி நேரம் போதும், இதில் அதே ஆட்டம் ஆட நாள் முழுக்க வேண்டும். அதற்குள் யாராவது ஓட்டுப்பதிவை முடித்துவைக்கிற குளோஸ் பட்டனை அமுக்கிவிட்டால் அதோடு சரி.

"பேசாமல் காகிதத்துக்கே போயிடலாம்" என்பவர்களிடம் நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: ஊரக உள்ளாட்சித் தேர்தலில் டியூட்டி பார்த்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் அது இன்னும் காகிதம்தான். 2019 டிசம்பரில் நடந்ததில் ஆளுக்கு நாலு பதவிக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டு. தப்பாக மடித்து மை எதிர்ப்பக்கம் ஒட்டினது, ரெண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் குத்தினது, பிடித்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று குத்தினது என்று ஒவ்வொன்றுக்கும் மேஜையில் ஒரு சண்டை. 2020 ஜனவரி 2ஆம் தேதி காலையில் எண்ண ஆரம்பித்தது மறுநாளும் ஓடியது. செல்லாத ஓட்டு என்கிற அந்தச் சண்டையை மெஷின் ஒரேயடியாக ஒழித்துவிட்டது, இதற்காகவே ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

காகிதத்துக்கும் எல்லை உண்டு, மெஷினுக்கும் உண்டு. 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் கோபத்தில் ஆளாளுக்கு மனு போட்டு 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள், வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க முடிந்தது. எம்3 மெஷினில் 24 பேலட் யூனிட்டைக் கோர்த்தாலும் நோட்டாவோடு 384 பேருக்குத்தான் இடம், ஆகவே இன்னொரு மொடக்குறிச்சி வந்தால் காகிதம்தான். 2024இல் கரூரில் 54 பேர் நின்றபோது பூத்துக்கு 4 பேலட் யூனிட் வைக்க வேண்டியிருந்தது, 2019இல் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் நின்று 185 பேர் ஆனபோது 12. அந்த பூத்துகளில் மறைப்புக்குள் போய்த் தன் ஆளைத் தேடிக் கண்டுபிடித்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

சரி, எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். ஹேக் பண்ண முடியுமா?

முடியும், கையில் கிடைத்தால். 2010இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரைப் மூவரும் சேர்ந்து ஒரு அசல் இந்திய மெஷினைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, எண்ணிக்கை காட்டுகிற டிஸ்ப்ளேயை அதே மாதிரி இருக்கும் போலியாக மாற்றி, வெளியே இருந்து போனில் சொன்னபடி முடிவைத் திரிப்பது. இன்னொன்று, உள்ளே இருக்கும் மெமரி சிப்பின் மேல் ஒரு சின்னக் கருவியைக் கவ்வவிட்டு ஓட்டுகளையே மாற்றுவது. அதற்கு நமது அரசாங்கம் கொடுத்த பரிசு, மெஷின் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டு அந்த வருஷம் ஆகஸ்டில் ஹரி பிரசாத்தைக் கைது செய்தது. ஒரு பொருளில் ஓட்டை இருக்கிறது என்று காட்டியவரைப் பிடித்து உள்ளே வைத்தால் அந்தப் பொருளின் மேல் சந்தேகம் குறையுமா கூடுமா என்பதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அவர்கள் காட்டிய இரண்டு வழிக்கும் மெஷினைத் தனியாகத் திறந்து வேலை பார்க்க நேரம் வேண்டும். பழைய மாடலில் காட்டியது அது, எம்3ஐத் திறக்க முயன்றாலே செயலிழந்துவிடும் என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது. 2017 ஜூனில் ஆணையம் "வந்து காட்டுங்கள்" என்று கட்சிகளை அழைத்தபோது வந்தது தேசியவாத காங்கிரஸும் மார்க்சிஸ்ட் கட்சியும் மட்டும்தான், வந்தவர்களும் போட்டியில் இறங்கவில்லை. இது ஆணையத்துக்கு வெற்றி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், போர்டைத் திறந்து பார்க்க விடாமல் "ஹேக் பண்ணிக் காட்டு" என்றால் எவன் வருவான்?

மெஷினுக்கு நான் நாலு ஸ்டார் கொடுக்கக் காரணம் வேறு, டிவி விவாதங்களில் அது காதில் விழுவதே இல்லை. இணையத்தில் இல்லை, அதனால் பத்திரம் என்பது பாதி பதில்தான், சிப் செய்கிற இடத்திலேயே ஒருவன் திருட்டு வேலை செய்திருந்தால் இணையம் எதற்கு? அங்கேதான் இந்த ஏற்பாடு கொஞ்சம் புத்திசாலித்தனமாக இருக்கிறது. எந்த மெஷின் எந்தத் தொகுதிக்கு, அப்புறம் எந்த பூத்துக்கு என்பது இரண்டு முறை கம்ப்யூட்டர் குலுக்கலில்தான் முடிவாகிறது, இரண்டாவது குலுக்கல் வேட்பாளர்கள் தரப்பு முன்னாலேயே நடக்கிறது. பட்டன் வரிசை மனு வாபஸ் முடிந்த பிறகுதான் தெரியும், அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பிறகு பதிவு பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள், ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் அகர வரிசை. ஒரு தொகுதியில் 2ஆம் பட்டனில் இருக்கிற கட்சி பக்கத்துத் தொகுதியில் 4ஆம் பட்டனில் இருக்கும். பெங்களூரில் உட்கார்ந்து சிப் எழுதுகிறவனுக்கு எந்தப் பட்டனுக்குச் சாதகம் செய்ய வேண்டும் என்றே தெரியாது. கண்ட்ரோல் யூனிட்டுக்குக் கட்சியும் தெரியாது சின்னமும் தெரியாது, பட்டன் எண் மட்டும்தான் தெரியும்.

இதில்தான் விவிபேட் வந்து குட்டையைக் குழப்பியது. கொண்டுவந்தது நல்லதற்குத்தான்: 2013 அக்டோபரில் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் காகிதத் தடம் இல்லாமல் நியாயமான தேர்தல் இல்லை என்று சொன்னது, அதற்கு ஒரு மாதம் முன்பு நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதல் முறையாக வைத்துப் பார்த்திருந்தார்கள், 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா பூத்துக்கும் வந்துவிட்டது. என் சின்னம்தான் அச்சாகிறதா என்று கண்ணால் பார்க்கிற வசதி மெஷினில் இதற்கு முன் கிடையாது. ஆனால் சின்னத்தை அச்சடிக்க வேண்டும் என்றால் எந்த எண்ணுக்கு எந்தச் சின்னம் என்று அந்தக் கருவிக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்? வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு லேப்டாப்பிலிருந்து சின்னம் ஏற்றும் கருவி வழியாக அதை உள்ளே போடுகிறார்கள். வெளியிலிருந்து எதுவுமே நுழையாது, யாருக்கு எந்தப் பட்டன் என்று மெஷினுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த ஏற்பாட்டில் ஒரு கதவு அன்றைக்குத் திறந்தது. விவிபேட் சீட்டு முழுவதையும் எண்ணச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர்கள் கேட்டதில் எனக்குச் சரியாகப் பட்ட கேள்வி இது. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபாங்கர் தத்தாவும் நூறு சதவீத சீட்டு எண்ணிக்கை வேண்டாம் என்று சொன்னாலும், சின்னம் ஏற்றும் கருவிகளை சீல் வைத்து முடிவு வந்து 45 நாள் வரை பத்திரப்படுத்தச் சொன்னார்கள். அதற்கு முன்னால் அப்படி ஒரு கட்டாயமே இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

விவிபேட் பொருளாகவும் கொஞ்சம் நோஞ்சான்தான். வெயில் ஆகாது, வெளிச்சம் ஆகாது. 2018 மே இடைத்தேர்தல்களில் உத்தரப் பிரதேசத்தின் கைரானாவிலும் மகாராஷ்டிரத்தின் பண்டாரா-கோண்டியாவிலும் நிறைய பூத்துகளில் படுத்துவிட்டது, ரெண்டு இடத்திலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட பூத்துகளில் மறுவாக்குப்பதிவு. பயிற்சியில் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஜன்னல் வெளிச்சம் நேராக விழாமல் வை, மேலே குண்டு பல்பு தொங்கினால் மேஜையைத் தள்ளிப் போடு. பின்னால் ஒரு குமிழ் இருக்கிறது, பயணத்தில் படுக்கையாகவும் வேலை நேரத்தில் நிமிர்ந்தும் இருக்க வேண்டும், அவசரத்தில் அதை மறந்துவிட்டு "மெஷின் ரிப்பேர்" என்று ஜோனல் ஆபீசருக்குப் போன் அடிக்கிறவர்களும் உண்டு. 7 விநாடி என்பதும் கண் சரியாகத் தெரியாதவர்களுக்குப் போதாது. சீட்டு தப்பாக வந்தது என்று வாக்காளர் சொன்னால் 49எம்ஏ விதிப்படி எழுதி வாங்கிக்கொண்டு எங்கள் முன்னாலும் ஏஜென்ட்கள் முன்னாலும் சோதனை ஓட்டு போடச் சொல்லலாம், ஆனால் புகார் பொய் என்று ஆனால் உங்கள் மேல் வழக்கு வரும் என்று முதலிலேயே எச்சரிக்க வேண்டும். மெஷின் ஒரு தடவை மட்டும் தப்பு பண்ணி அடுத்த தடவை ஒழுங்காக நடந்துகொண்டால் மாட்டிக்கொள்வது வாக்காளர்தான். இதைக் கேட்டபிறகு எவர் புகார் கொடுப்பார்?

இனி ஒன்றரை ஸ்டார் விஷயம். சீட்டு அச்சாகிறது, பெட்டியில் விழுகிறது, சரி. எத்தனையை எண்ணுகிறார்கள்? ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத். முதலில் ஒன்றே ஒன்றாக இருந்தது, எதிர்க்கட்சிகள் 21 சேர்ந்து வழக்குப் போட்டு 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது. வித்தியாசம் 50 ஓட்டானாலும் 50 ஆயிரம் ஓட்டானாலும் அதே 5.

பத்தாம் வகுப்பு நிகழ்தகவுக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். தொகுதியில் 300 பூத், அதில் 3 மெஷினில் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலில் 5 எடுத்தால் அந்த மூன்றில் ஒன்றுகூடச் சிக்காமல் போக 95 சதவீத வாய்ப்பு. 30 மெஷினில் கோளாறு, அதாவது பத்தில் ஒன்று என்றாலும் ஒன்றும் சிக்காமல் போக 59 சதவீதம். முப்பது மெஷின் கெட்டிருந்தும் பாதிக்கு மேல் வாய்ப்பு தப்பித்துக்கொள்வதற்குத்தான் என்றால் அதற்குப் பெயர் தணிக்கையா? ஆணையத் தரப்பில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அறிக்கையைக் காட்டி நாடு முழுக்க 479 மெஷின் பார்த்தாலே 99.99 சதவீதத்துக்கு மேல் உறுதி என்றார்கள். கணக்கு சரிதான், கேள்விதான் தப்பு. நாடு முழுக்கச் சேர்த்து ஒரே தேர்தல் நடக்கவில்லை, தொகுதிக்குத் தொகுதி தனித்தனியாக நடக்கிறது, ஜெயிப்பதும் தோற்பதும் அங்கே இருக்கிற சில நூறு மெஷின்களை வைத்துத்தான். தமிழ்நாடு கேடரில் இருந்த முன்னாள் ஐஏஎஸ் அதிகாரி கே. அசோக் வர்தன் ஷெட்டி இதைப் பல வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார், பெரிதாகக் கேட்டுக்கொண்டவர்கள் இல்லை. வித்தியாசம் குறைவாக இருந்தால் அதிகம் எண்ணு, அதிகமாக இருந்தால் கொஞ்சம் எண்ணு என்ற முறை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2017 முதல் நடக்கிறது. நம்மிடம் காகிதமும் இருக்கிறது, எண்ணத் தெரிந்த ஆசிரியர்களும் இருக்கிறோம், கூட ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அவ்வளவுதானே? ஆறு வாரம் ஏழு கட்டமாகத் தேர்தல் நடத்தலாம், எண்ணுவதற்கு மட்டும் சாயங்காலத்துக்குள் முடிய வேண்டும் என்று என்ன அவசரம்.

எண்ணிய வரைக்கும் பொருந்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 4 கோடிக்கு மேல் சீட்டுகளை எண்ணி ஒப்பிட்டிருக்கிறார்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவான முரண்பாடு ஆந்திராவின் மைதுக்கூரில் ஒரு பூத், அதுவும் ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் சோதனைக்காகப் போட்ட மாதிரி ஓட்டுகளை அழிக்காமல் விட்டதால். எனக்கு மெஷின் மேல் நம்பிக்கை இருப்பதே இந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான், இன்னும் எண்ணினால் இன்னும் வரும்.

அதே தீர்ப்பில் ஒரு புது வசதி கிடைத்தது. இரண்டாவது மூன்றாவது இடம் வந்தவர்கள் முடிவு வந்த 7 நாளுக்குள் கேட்டால் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சதவீத மெஷின்களின் சிப்பைச் சரிபார்க்கலாம், தப்பு நிரூபணமானால் பணம் திரும்பும். ஆஹா என்று பார்த்தால் கட்டணம் ஒரு செட்டுக்கு ஜிஎஸ்டியோடு 47,200 ரூபாய். மெஷினோட விலையே 17 ஆயிரம்! பிறகு குறைத்தார்கள், அது வேறு. 2024 மக்களவைத் தேர்தல் முடிந்து வேலூரில் பாஜக வேட்பாளரும், 4,379 ஓட்டில் விருதுநகரைத் தவறவிட்ட தேமுதிக வேட்பாளரும் விண்ணப்பித்தார்கள், மத்தியில் ஆளும் பாஜகவின் வேட்பாளரே சந்தேகப்பட்டுக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். சரிபார்ப்பு என்று ஆணையம் வகுத்த முறையோ மறுபடி மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்ப்பது. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் இன்றைக்கு நன்றாக ஓடுகிறதா என்று காட்டுவது. உச்ச நீதிமன்றமே 2025 பிப்ரவரியில் சரிபார்க்கும்போது இருக்கிற தரவை அழிக்காதீர்கள், புதிதாக ஏற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டிவந்தது. போதாக்குறைக்கு, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இயக்குநர் குழுவில் ஆளும் கட்சித் தொடர்புள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று முன்னாள் மத்திய அரசுச் செயலர் இ.ஏ.எஸ். சர்மா 2024இல் ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார். செய்தவர்களே வந்து தாங்கள் செய்ததைச் சரிபார்ப்பார்கள் என்ற ஏற்பாட்டில் இது எப்படித் தெரியும் என்று யாராவது யோசித்திருக்கலாம்.

ஜெர்மனி நிறுத்திவிட்டது, நாம் ஏன் வைத்திருக்கிறோம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஜெர்மனி அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில் சொன்னது, தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது. அவர்கள் வைத்திருந்த நெடாப் மெஷினில் காகிதமே கிடையாது. நெதர்லாந்து அதே வகை மெஷினை விட்டுவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பியது, அயர்லாந்து 5 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தாமலேயே 2012இல் பழைய இரும்புக்கு அனுப்பியது. நம் மெஷினில் காகிதம் இருக்கிறது, அதனால் அந்தத் தீர்ப்பு அப்படியே நமக்குப் பொருந்தாது. ஆனால் அந்தக் காகிதத்தை எண்ணாமல் பூட்டி வைத்தால் பொருந்த ஆரம்பித்துவிடும்.

கட்சிகளின் சந்தேகத்துக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை, தோற்றவுடன் வரும், ஜெயித்தவுடன் போகும். 2001இல் தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்தபோது எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் போனது அதிமுக, நீதிமன்றம் ஏற்கவில்லை, அந்தத் தேர்தலில் பிரமாதமாக ஜெயித்ததும் அதிமுகதான். 2009இல் தோற்ற பிறகு காகிதம் வேண்டும் என்றவர் அத்வானி. இப்போது பேசுகிறவர்கள் யார், பேசாமல் இருக்கிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். 2024 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் மார்க்கட்வாடி கிராமத்துக்காரர்கள் தாங்களாகவே காகிதத்தில் ஒரு முறை போட்டுப் பார்க்கிறோம் என்று கிளம்பினார்கள், போலீஸ் தடுத்தது. சட்டப்படி அது செல்லாது, செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் எனக்குப் புரியவில்லை.

நடைமுறையில் கெடுவது பெரும்பாலும் மனுஷன் கையில். 2021இல் வேளச்சேரியில் பழுதாகி மாற்றப்பட்ட விவிபேட்டை டூவீலரில் வைத்து எடுத்துப் போனார்கள், ஜனங்கள் மறித்துப் பிடித்தார்கள், 92ஆம் பூத்தில் மறுவாக்குப்பதிவு. 2016 ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் தோற்ற வழக்கில் பெரிய சண்டை மெஷினைப் பற்றியே அல்ல, தலைமையாசிரியர் சான்றொப்பம் போட்ட தபால் ஓட்டு செல்லுமா செல்லாதா என்பது, எங்கள் ஆட்கள் போட்ட ஓட்டுதான் அது. ஹரியானாவின் புவானா லாகு கிராமத்தில் 2022இல் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஒரு பூத்தின் எண்ணிக்கையை மாற்றி எழுதி வேறொருவரை ஜெயிக்கவைத்துவிட்டார்கள், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மெஷின்களையே டெல்லிக்கு வரவழைத்து எண்ண வைத்ததில் 51 ஓட்டில் முடிவு தலைகீழானது. மூன்று வருஷம் கழித்தும் மெஷின் உண்மையை வைத்திருந்தது, கேட்பதற்குத்தான் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

யாரும் பேசாத ஒரு குறை: ரகசியம். காகிதக் காலத்தில் பல பூத்து சீட்டுகளைக் கலந்து எண்ணுகிற ஏற்பாடு இருந்தது, இப்போது மெஷின் மெஷினாக எண்ணுவதால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று படிவத்தில் அச்சாகிவிடுகிறது. ஜெயித்தவர் அதை வைத்துத்தான் எந்த ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி என்று முடிவு பண்ணுகிறார், சின்ன ஊர்க்காரர்களுக்கு இது விளையாட்டில்லை. டோட்டலைசர் என்ற கருவி வைத்துப் பல மெஷின்களைச் சேர்த்து எண்ணலாம் என்று ஆணையமும் கேட்டது, 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது, அரசாங்கத்துக்கு மனசு வரவில்லை.

கடைசியாக, ஏஜென்டாக உட்காரப் போகிறவர்களுக்கு. காலை 5:30க்கு மாதிரி வாக்குப்பதிவு, 15 நிமிஷம்தான் காத்திருப்போம், வராவிட்டால் ஆரம்பித்துவிடுவோம். 50 ஓட்டுக்குக் குறையாமல் போட்டு, கண்ட்ரோல் யூனிட் காட்டுவதையும் விழுந்த சீட்டையும் ஒப்பிட்டு, அழித்துப் பூஜ்யம் காட்டி, சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு சீல் வைப்போம். முக்கால்வாசிப் பேர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள். ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடுங்கள், ஆனால் சீலில் இருக்கிற எண்ணையும் கண்ட்ரோல் யூனிட் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் குளோஸ் பண்ணினதும் 17சி படிவத்தின் நகல் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதி, எத்தனை ஓட்டு பதிவானது என்பது அதில் இருக்கும். எங்களுக்கு அது கை வலிக்கிற வேலை, கேட்காவிட்டால் சில பேர் கொடுக்காமல் கட்டிவிடுவார்கள், கேட்டு வாங்கி, எண்ணுகிற அன்று உங்கள் ஆள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.